சிரட்டைக் கரியில் ஓடிய இயந்திரம்

கிண்ணியாவில் இயந்திரம் திருத்தும் கபூர் நானா காலமாகிவிட்டார் என்ற சேதியை அவ்வூர் மீன் வியாபாரி ஒருவர்தான் இறக்கக்கண்டியில் என் தோட்டத்தருகே சைக்கிளை நிறுத்திச் சொன்னார். கையிலிருந்த மண்வெட்டியை வைத்துவிட்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி, மண்ணெண்ணெய் கூப்பனுக்கு அளந்து தரப்பட்டபோது, அதில் ஓடிய நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்று எங்கள் வெங்காயத் தோட்டங்கள் வாடின. பயிரைக் கைவிடுவதென்று நானும் மனைவியும் பேசி முடித்த வாரத்தில் நானா வந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் துறைமுகத்தில் வேலை செய்தபோது, கரியிலிருந்து எடுத்த வாயுவில் லொறிகள் ஓடியதைக் கண்டவர் அவர்.

“எண்ணெய் கப்பலிலதான் வரணுமெண்டு இல்ல தம்பி. நீங்க எறியிற சிரட்டையிலயும் இருக்கு,” என்றார்.

தகரப் பீப்பாய்க்குள் தேங்காய்ச் சிரட்டைகளை எரித்து, அந்த வாயுவைக் குழாய் வழியே எனது இயந்திரத்துக்குள் விட்டார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு புகையிலிருந்த தார் உள்ளே ஒட்டி இறுகி நின்றுவிட்டது. என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

என் மனைவி சொன்னாள்: “அவருக்குத் தேத்தண்ணி குடுங்கோ. இனி மிசின் ஒண்டும் குடுக்காதேங்கோ.”

நானா அதைக் கேட்டுவிட்டார். “தங்கச்சி சொல்றது நியாயம்,” என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் தமது சொந்த இயந்திரத்தைத் தோணியில் ஏற்றிக் கிண்ணியாத் துறையைக் கடந்து கொண்டுவந்தார்.

இம்முறை சிரட்டையை முதலில் கரியாக்கினார். வாயுவைத் தண்ணீரில் குளிரவைத்து, தேங்காய்த் தும்பில் வடித்தார். ஒருநாள் அந்த வாயுவைச் சுவாசித்து மயங்கியும் விழுந்தார். எழுந்ததும் பீப்பாயை வெட்டவெளிக்கு நகர்த்தி, கூரைக்குக் கீழே இதை ஒருபோதும் வைக்கக்கூடாதென்று எல்லோரிடமும் உறுதி வாங்கினார்.

பதினோராம் நாள் கயிற்றைச் சுற்றி இழுத்தார். இயந்திரம் இருமியது, திணறியது, பிறகு சீராக ஓடியது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியதும் என் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு, வாய்க்காலைத் திருப்ப முதலில் ஓடினாள். மாலைக்குள் முழுத் தோட்டமும் நனைந்தது. அந்தப் போகத்திலேயே ஏழு தோட்டங்களில் சிரட்டைக் கரி புகைந்தது. நாங்கள் கைவிட நினைத்த வெங்காயம் லொறி லொறியாகச் சந்தைக்குப் போனது.

செய்முறையைக் கேட்டவர்களுக்கெல்லாம் நானா நிலத்தில் கோடு கீறிக் காட்டிக்கொடுத்தார். ஏன் மறைத்து வைக்கவில்லை என்று கேட்டேன். “ஊரெல்லாம் தண்ணி பாஞ்சாத்தான் எனக்குச் சந்தோசம்,” என்றார்.

நேற்று அடக்கத்தின்போது தோட்டக்காரர்கள் இருபது பேர், வேற்று மதத்தவர் என்பதால் ஓரமாக நின்றோம். அவருடைய மூத்த மகன் எங்களிடம் வந்தார்.

“ஏன் தள்ளி நிக்கிறீங்க? வாப்பாக்கு நீங்களும் மண் போடுங்க.”

வெங்காயம் நட்டுக் காய்த்த கைகளால் ஒருவர்பின் ஒருவராகப் போட்டோம். நிறைவோடு உறங்குங்கள், நானா.