தரையில் கிடந்த எருக்கு

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு காட்டு முகாமில் பயிற்றுநராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். பன்னிரண்டு பி.டி. ஆசிரியர்களுக்குக் கட்டை கடைந்து நெருப்பு எடுத்துக் காட்ட வேண்டும். முந்தைய பேட்ச்சில் எனக்கு நெருப்பு வரவில்லை. பொறுப்பாளர் அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் வரலைன்னா ஒன்னைய ஸ்டோருக்கு மாத்திருவேன்ம்மா. கோவிச்சுக்கிடாத."

மரவியல் படித்தவள் நான். என் பட்டியல் இது:

1. எடை குறைந்த, பிசின் இல்லாத மரம்.
2. நகம் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும்.
3. ஈரப்பத மீட்டர் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஓடைக்கரையில் கிடந்த எருக்கந்தண்டு கடைகோலுக்கு, கல்யாண முருங்கைக் கொப்பு அடிக்கட்டைக்கு. ஒரு நாள் வெயிலில் போட்டேன். மீட்டர் பத்து காட்டியது.

மறுநாள் வில்லின் கயிற்றைக் கடைகோலில் சுற்றி, நாற்பது நிமிடம் முன்னும் பின்னும் இழுத்தேன். கட்டை கீச்சிட்டது, பழுப்புத் தூள் கொட்டியது, கங்கு விழவில்லை. உள்ளங்கையில் கொப்புளம்.

"எங்க பக்கம் தெருவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கெடக்கு. இவிய கட்டையப் போட்டு உரசுதாவ," என்றார் ஆசிரியர்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைகோலைப் பிளந்தேன். நடுவில் கறுத்த ஈரம்.

"தரையில கெடந்ததா?" என்றார் பசுவந்தனையில் இருந்து வந்திருந்த டீச்சர். "மழை விட்டு ஒரு மாசமானாலும் கரிசல் அடியில ஈரம் கெடக்கும். எங்க பருத்தியே அதுலதான் நிக்குது. ஒங்க கட்டை மட்டும் காஞ்சிருமாக்கும்?"

படிப்பில் இதுவும் இருந்தது. மேல்மண் வெடித்திருந்ததைப் பார்த்து, அடியும் காய்ந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடைக்குப் போனேன். நின்றபடியே பட்டுப்போன எருக்கு ஒன்று. மரக்கவட்டில் தொங்கிய கல்யாண முருங்கைக் கொப்பு ஒன்று. திரும்பி வந்து மூன்றாம் முறை இழுத்தபோது தூள் கறுத்தது, கங்கு விழுந்தது. அதைத் தேங்காய் நாரில் வைத்து ஊதினேன். பிடித்தது.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். "வந்துட்டுல்லா, நல்லது. ஆனா சாப்பாட்டு நேரம் தாண்டிட்டு. நீ நாளையில இருந்து ஸ்டோரப் பாத்துக்கோ."

அன்று முதல் எல்லா பேட்ச்சுக்கும் ஸ்டோரில் இருந்து கட்டை தேர்ந்து தருவது நான்; கடைந்து காட்டுவது வேறொருவர்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் அதைக் கட்டையின் மேல்தோலில் குத்தினேன். ஒரு துண்டைப் பிளந்து, பிளந்த உட்பக்கத்தில் குத்துங்கள். நல்ல கட்டை ஒன்று வீணாகும். ஆகட்டும்.