மூன்று நாள் பாய்

ஜெயப்பிரியாவுக்கு மாதத்தில் அந்த மூன்று நாளும் உயிர் போய் உயிர் வரும். காவாந்தண்டலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஐந்து வருடமும் அப்படித்தான். பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்றது ஊர். எல்லாரும் முந்தானையைக் கடித்துக்கொண்டா கிடந்தார்கள்? கேட்கத்தான் ஆளில்லை.

ஒருவழியாகக் கணவன் தினேஷ்குமார் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். அந்தம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கர்ப்பப்பையின் உள்தோலைப் போன்ற சதை வெளியே, சினைப்பை மேலும் குடல் ஓரத்திலும் ஒட்டி வளர்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். இடம் மாறி வந்ததைத் துடைத்துப்போட வேண்டியது உடம்பின் எதிர்ப்பு சக்தி. அது அந்த வேலையை விட்டுவிட்டு, அங்கேயே வீக்கத்தை மூட்டி, வந்ததை வளரவும் விடுகிறது.

"திருடனை உள்ள விட்டுட்டு வீட்டு ஆளுங்களைக் கடிக்கிற நாய் மாதிரிம்மா. ஏன் அப்படி ஆகுதுன்னு இன்னும் முழுசாத் தெரியல" என்றார். தினம் ஒரு மாத்திரை. சாப்பிடும்வரை மாதாந்திரத் தூரம் நிற்கும், வலி அடங்கும். பிள்ளையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தினேஷ்குமார் காதில் ஏறியது எதிர்ப்பு சக்தி ஒன்றுதான். கொரோனா காலத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தையாயிற்றே! வீட்டுக்கு வந்ததும், "இவளுக்கு எதிர்ப்பு சக்தி கம்மியாம்மா" என்றான்.

"கம்மி இல்ல அத்தே, தப்பா வேல செய்யுதாம்" என்றாள் ஜெயப்பிரியா. யார் கேட்டார்கள்? மாமியார் தாயாரம்மாள் கொரோனாவின்போது ஊருக்கே நிலவேம்பு காய்ச்சி ஊற்றியவள்.

"தூரத்த நிறுத்துற மாத்திரையா? அப்பறம் புள்ள எப்படிம்மா தங்கும்? அதத் தூக்கிப் போடு. நான் கசாயம் தர்றேன்."

ஜெயப்பிரியா தூக்கிப் போடவில்லை. மாத்திரை அட்டையை ரவிக்கைகளுக்கு அடியில் ஒளித்தாள், தீரத் தீர ரகசியமாக வாங்கிவைத்தாள். மாதாமாதம் தூரம் வந்தவள்போல் நாள் எண்ணிப் பாயில் போய்ப் படுத்தாள், நான்காம் நாள் பிசகாமல் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வலியில்லாமல் படுத்திருந்த முதல் மாதம் சந்தோஷத்தில் அழுதாள்.

மருமகள் முனகவில்லை என்பதைத் தாயாரம்மாள் கவனித்தாள். "பாத்தியா எங் கசாயத்த!" என்று தெருவெல்லாம் சொன்னாள். பேரன் வேண்டுமென்று அம்மன் கோயிலில் வெள்ளிதோறும் விளக்குப் போட்டாள்.

மாத்திரை தொடங்கிய ஏழாம் மாதம் மூன்றாவது வீட்டுச் சுகிர்தா வந்தாள். பிளஸ் டூ படிக்கும் அவள் மகள் இளமதி அந்த நாளில் வகுப்பிலேயே மயங்கி விழுந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் டாக்டரிடம் காட்டச் சொன்னார்களாம்.

"டாக்டரு இன்னாத்துக்கு? எங் கசாயத்தக் குடிக்கச் சொல்லு. எம் மருமவ எப்படிக் கெடந்தவ, இப்ப பாரு!"

பின்கட்டில் பாயில் கிடந்த ஜெயப்பிரியாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வாயைத் திறந்தால் மாத்திரை போய்விடும், அந்த வலி திரும்பி வரும்.  சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த மாதம் முழுக்கத் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள்.

எட்டாம் மாதம் அதே பாய். மத்தியானம் மூன்றாவது வீட்டிலிருந்து ஓர் அலறல். முந்தானையைக் கடித்து அவள் விழுங்கிய அதே அலறல். சுகிர்தா ஓடிவந்தாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் கசாயம் குடுக்கா, பொண்ணு துடிக்கிறா!"

தாயாரம்மாள் அடுப்படிக்குப் போனாள். ஜெயப்பிரியா அட்டையை எடுத்துக்கொண்டு நேரே அங்கே நுழைந்தாள்.

"அடியே! தூரமா கீறவ அடுப்பாண்ட வர்றியே!"

"எனக்குத் தூரமில்ல அத்தே. எட்டு மாசமா இல்ல." இருந்த ஒரே அட்டையைச் சுகிர்தா கையில் திணித்தாள். "என்னக் காப்பாத்தினது இதுதான், கசாயம் இல்ல. அவளுக்கு இந்த மாத்திரையக் குடுத்துடாதீங்க. இப்பவே டாக்டராண்ட இட்டுக்கினு போயி இதக் காட்டுங்க."

சுகிர்தா ஓடினாள். மாமியார் கத்துவாள் என்று ஜெயப்பிரியா காத்து நின்றாள். தாயாரம்மாள் கையில் கஷாயச் சொம்போடு அப்படியே நின்றாள்.

"எட்டு மாசமா வெளக்குப் போட்டுக்கினு கீறனேம்மா" என்றாள், குரலே எழும்பாமல்.

ஜெயப்பிரியா சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள். நாளைக்குப் போட அவளிடம் மாத்திரை இல்லை.