வலியனுப்பும் சுவர்

ஒரே ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தவள் பெயிண்டரக்கா. ஆயிரம் என்பது கொஞ்சம் ஊதிய பலூன்தான். காற்றை இறக்கினாலும் கதை கையில் நிற்கும்.

வண்டி நம்பர் பிளேட்டில் தொடங்கி, கடைப் பலகை, பள்ளிச் சுவர் என்று பதினெட்டு வருஷம் எழுதிய கை. கோடு நூல் பிடித்தாற்போல் வரும். ழகரம் மட்டும் வராது. "நாக்குல வராதது கையில மட்டும் எப்படிடி வரும்?" என்பார் அவளுடைய அண்ணன்.

ஆஸ்பத்திரியில், எலும்பு வார்டு நடைக்கூடத்தின் கோடியில் அவள் முழ உயர எழுத்தில் எழுதினாள்: 'வெளியே செல்லும் வலி'. பக்கத்தில் அம்புக்குறி.

சூப்பர்வைசர் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள வெள்ளையடிச்சு மறைச்சுடும்மா. மேல் மூணு மாடிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

மூன்று மாடி என்றால் ஒரு வருஷச் சோறு. அக்கா வெள்ளை வாளியைத் தொடவில்லை. கறுப்பு டப்பாவைத் திறந்தாள். அம்புக்குறிக்கு மேலே ஓர் உருவம் எழுந்தது. தலையில் மூட்டை, கக்கத்தில் குடை, முகத்தில் கடுகடுப்பு. பத்து நாள் டேரா போட்ட விருந்தாளி, ஒருவழியாகக் கிளம்புகிற தோரணை.

சிரிப்புச் சத்தம் வார்டுக்குள் போனது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நாலு நாளாகக் கட்டிலை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்த பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாக்கரை இழுத்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் நர்ஸ்.

"வலிய வழியனுப்பிட்டு வரேம்மா."

"இருங்கண்ணே, என்னோடதும் இருக்கு, சேத்து அனுப்பிடலாம்" என்று பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்தார்.

மத்தியானம் குற்றத்தைக் காட்டப் பெரிய டாக்டரம்மாவை அழைத்துவந்தார் சூப்பர்வைசர். வாக்கர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் இருவரும் சுவரை அடைய முடிந்தது.

"எழுத்து தப்புதாங்கம்மா," என்றாள் அக்கா. "ஆனா காலையிலேர்ந்து நூறு பேர் நடந்துட்டாங்க."

டாக்டரம்மா, படத்திலிருந்த மூட்டையைத் தட்டிவிட்டுத் திரும்பும் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே இருக்கட்டும். மேல் மாடியும் இவங்களே எழுதட்டும். சுவத்துல எழுதறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது தாள்ல எழுதிக் காட்டிடணும், அவ்வளவுதான்."

"நூறெல்லாம் இல்ல மேடம்," என்றாள் நர்ஸ். "பதினோரு பேர். அதுலயும் ஒருத்தர் நோயாளியே இல்ல. வெளிய போக வழி தெரியாம அரைமணி நேரமா சுத்திட்டிருந்தவரு."