அத்தாவின் வலக்கை

ரூல்தடி விரல் கணுவில் விழும் சத்தம் அடி வாங்குகிறவருக்குக் கேட்பதில்லை, வலி முந்திக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து பியானோ படித்த மற்றப் பிள்ளைகளின் விரல்களில் விழுந்தபோதுதான் நான் அதை நன்றாகக் கேட்டிருக்கிறேன். காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடிப்பது போலிருக்கும், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பியானோவின் கம்பிகள் உள்ளே முனகிக்கொண்டிருக்கும்.

அடித்தவர் என் அத்தா, என்னைப் பெற்றவர். காரைக்குடியில் அவரை சிக்கந்தர் மாஸ்டர் என்பார்கள். பதினேழு வயதில் பினாங்குக்குப் போய் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவியவர், அங்கே மாலை வேளைகளில் ஜாஸ் வாசித்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் பியானோ கற்றுக்கொண்டு, பத்து வருஷத்தில் அதே மேடையில் ஐந்து பேர் குழுவுக்குத் தலைவராக உட்கார்ந்தார். ஹோட்டல் கைமாறி மேடையை இடித்தபோது, அங்கிருந்த பழைய பியானோவைக் கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். கோவிலூர் சாலையில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. நாங்கள் அதைப் "பொட்டி" என்போம்.

கல்யாண பேண்டு செட்டுகளில் ஊதிக்கொண்டிருந்த ஆறு பேரைப் பிடித்து அத்தா ஜாஸ் சொல்லிக்கொடுத்தார். சமமாக விழவேண்டிய இரண்டு சுரங்களில் முதலாவதை இழுத்து, அடுத்ததைக் குறுக்கி வாசிக்கும் அந்த நடைக்கு அவர் வைத்த பெயர் "நொண்டி". நொண்டி வராதவன் அவருக்கு மனிதனே இல்லை. கிளாரினெட் வாசித்த ஆரோக்கியம் மாமா ஒருநாள் நுழையவேண்டிய இடத்தில் துளி பிந்திவிட்டார். அத்தா எழுந்து போய் விட்ட அறையில் அவருடைய இடது செவிப்பறை கிழிந்து, சட்டைக் காலர்வரை ரத்தம் இறங்கியது. அவர் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார்.

"இம்புட்டு அடி வாங்கிக்கிட்டு ஏண்ணே இங்க கெடக்கீக?" என்று அம்மா அவரிடம் கேட்டார்.

"அடிக்கிறதுக்கு எத்தனையோ பேரு இருக்கான் தங்கச்சி. இவரு மாதிரி வாசிக்க எவன் இருக்கான்?" என்றார் அவர்.

ஒருநாள் சாப்பாட்டின்போது, தனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் தன்மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை என்று அத்தா பெருமையாகச் சொன்னார். மீன் குழம்பை ஊற்றியபடியே அம்மா, "அப்பறம் இந்த அடிய எங்குட்டுப் போயிக் கத்துக்கிட்டீக?" என்றார். தட்டு அம்மாவின் காதை ஒட்டிப் பறந்து போய்ச் சுவரில் விழுந்தது.

நான் ஏழாவது படிக்கும்போது கண்டனூரில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனோம். வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு அது. தாலி கட்டி முடிந்து மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. இரண்டு பாட்டுகளுக்கு நானும் வாசிக்க வேண்டும் என்பதால் கச்சேரிகளுக்கு அத்தா தூக்கிப்போகும் கீபோர்டுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் சேக்காளிகள் சிலர் குடித்துவிட்டு வந்து, ஆடுவதற்குக் குத்துப் பாட்டு கேட்டார்கள். இந்தப் பாட்டு முடியட்டும் என்று அத்தா தலையசைத்தார். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே கையிலிருந்த கலர் பாட்டிலைக் கீபோர்டின்மேல் கவிழ்த்தான். அத்தா எழுந்து அவன் வாயில் குத்தினார். வெள்ளைச் சட்டையில் ரத்தமும் பல்லுமாக அவன் உட்கார்ந்துவிட்டான்.

எங்கிருந்து அத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியவில்லை. அத்தாவை இழுத்துக்கொண்டு போய், இரண்டாங்கட்டு நிலைப்படியில் அவர் வலக்கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைதான அடிச்சுச்சு?" என்று கேட்டபடி அந்தத் தேக்குக் கதவை அறைந்து சாத்தினார்கள். அத்தா கத்தினார். கதவைத் திறந்து மறுபடி சாத்தினார்கள். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. அவரிடம் அடி வாங்கிய ஆறு பேரும் வாத்தியங்களைப் பிடித்தபடி நின்றார்கள். மூன்றாவது தடவை கதவு திறந்தபோது ஆரோக்கியம் மாமாதான் கிளாரினெட்டைப் போட்டுவிட்டு ஓடி, அத்தாவின் மேல் குப்புற விழுந்தார். மிச்ச உதை எல்லாம் அவர் விலாவில் விழுந்தது.

அப்போது நான் அழவில்லை. 'இனிமேல் அடிக்க முடியாது' என்பதுதான் என் மனசில் வந்த முதல் நினைப்பு. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போலிருந்தது. இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

மதுரையில் ஆபரேஷன் செய்தும் மூன்று விரல்கள் மடங்கவில்லை. பெரிய மனிதர்கள் வந்து பேசி, கேஸ் வேண்டாம் என்று முடித்துவிட்டுப் போனார்கள். அத்தா நான்கு மாதம் பொட்டியைத் திறக்கவேயில்லை. பிறகு ஒரு காலையில் என்னைப் பொட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, "வலக்கைய நீ வாசி. இடக்கைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மூன்றாம் நாள் நான் தாளம் தவறினேன். அவருடைய இடக்கை ரூல்தடியை எடுத்தது. என் கணுவில் விழுந்தது. நான் அதைப் பிடுங்கி, மடியில் கிடந்த அவருடைய வலக்கையில், தையல் போட்ட இடத்தில், என் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தேன். அவர் அலறிய அலறலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். என் கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் செருகினார்.

அத்தா கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு, "விட்ட எடத்துலருந்து எடு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அடித்ததில்லை. நான் அடித்ததுதான் அவரைத் திருத்தியது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூசுகிறது. குழு மறுபடி சேர்ந்தது; ஒரே பலகையில் நானும் அவரும் உட்கார்ந்து இரண்டு கையாக வாசித்தோம். அரியக்குடியில் ஒரு கல்யாண வரவேற்பில் முதல்முறை அப்படி வாசித்தபோது, இடையில் அவர் ஒரு சுரத்தைத் தவறவிட்டார். சட்டென்று முழங்கையை ஒடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறதோ என்று பார்க்கிற பார்வை. அத்தனை வருஷம் நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்த பார்வைதான் அது. நான் வாசிப்பதை நிறுத்தாமல் அவர் தோளில் என் தோளைச் சாய்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதினெட்டு வருஷம் அப்படியே வாசித்தோம். பிள்ளைகள் பயமில்லாமல் படிக்க வந்தார்கள். கச்சேரியில் யாராவது தவறினால் அத்தா சிரிக்கக்கூடச் செய்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் மௌத்தானார், அடக்கம் முடிந்ததோடு குழுவும் கலைந்தது. இப்போது கல்யாணங்களுக்கு லாரியில் ஸ்பீக்கர் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். பொட்டியைச் செல் அரித்துவிட்டது. நான் திருச்சியில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன மாதம் ஆரோக்கியம் மாமா தேவகோட்டையிலிருந்து போன் செய்தார். "ஒரு கேசட்டாவது போட்டு வச்சிருக்கலாம் தாயி, ஒருத்தருக்கும் தோணல பாரு" என்றவர், அத்தா பினாங்கில் கட்டிய மெட்டு ஒன்றைப் போனிலேயே முனகத் தொடங்கினார். பாதியில் நின்றார். நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருந்தார். எனக்கும் அதற்குமேல் நினைவுக்கு வரவில்லை.