சின்னக் குரலுக்கு ஏற்ற மிக்சர்

1. ஐஸ் கூட்டம்

எண்பத்து நாலாம் ஆண்டின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் அம்பிளிபயர், ஒலிபெருக்கி பூட்டிக் கொடுக்கும் கடையொன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். மீனவர் கூட்டுறவுச் சமாசம் ஒன்றின் கூட்ட அறையில் மைக் கூவுகிறது என்று ஆள் வந்து சொன்னார். நான் போனபோது கூட்டம் தொடங்கியிருந்தது. சுவரோரம் நின்று பார்த்தேன்.

நீள மேசையைச் சுற்றி எட்டுப் பிரதிநிதிகள், ஆளுக்கொரு மைக். பின்னால் போட்டிருந்த வாங்குகளில் தொழிலாளர்கள். மேலே மின்விசிறிகள் இரைந்தன. எட்டு மைக்கும் எந்நேரமும் திறந்தே கிடந்தன. திறந்த மைக் கூடக்கூட ஒலிபெருக்கியின் சத்தமும் விசிறியின் இரைச்சலும் திரும்ப உள்ளே புகும். கூவாமல் இருக்க வேண்டுமென்றால் வொலியூமை இறக்கித்தான் வைக்க வேண்டும். தொண்டை பெரிதானவர்கள் தப்பிவிடுவார்கள்.

அன்று சமாசத்தின் ஐஸைப் பங்கிடும் விஷயம். பெரிய படகுகளுக்கு முதலில் கொடுப்பது, மிஞ்சினால் சின்ன வள்ளங்களுக்கு என்பது யோசனை. வள்ளக்காரரின் பிரதிநிதியான குருநகர் பிலிப்பு அண்ணை எழுந்து பேசினார். தொண்டையில் ஒப்பரேசன் செய்தவர். குரல் மூச்சுக்காற்றுப் போலத்தான் வரும். உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. மறுமுனையில் இருந்த தலைவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஆருக்கும் மறுப்பில்லைத்தானே? அப்ப நிறைவேறிச்சு" என்றார்.

பிலிப்பு அண்ணை மேசையைத் தட்டினார். அதற்குள் எல்லாரும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அறை வெறுமையானதும் என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் கதைச்சது உமக்குக் கேட்டுதோ?"

"இல்லை அண்ணை."

"அவை வேணுமெண்டு செய்யேல்லை. கேக்கேல்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பெரிய கோவம்."

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதிக் கேட்கப்போவதாகச் சொன்னார். அதற்குள் இந்த அறையைச் சரிப்படுத்தியே தீருவது என்று நான் தீர்மானித்தேன்.

2. எட்டா, நாலா?

ஓட்டோமற்றிக் மிக்சர் என்று மைக்குகளைப் பூட்டும் பெட்டியொன்று உண்டு. பேசுகிறவரின் மைக்கை மட்டும் தானாகத் திறக்கும், மற்றவற்றை அடக்கிவைக்கும். தலைவருக்கு யோசனை பிடித்தது. விலைதான் பிடிக்கவில்லை. நான் வேறொரு வழி சொன்னேன்.

"எட்டு மைக்குக்கு நல்லது வாங்க உங்கடை காசு காணாது ஐயா. மைக்கை நாலாக் குறைச்சு, ரெண்டு பேருக்கு நடுவிலை ஒண்டு வைப்பம். நாலு மைக் பூட்டிற நாலு சனல் மிக்சர் நல்லதா வாங்கலாம்."

"அதெப்பிடி? ஒவ்வொரு பிரதிநிதிக்கும் முன்னாலை ஒரு மைக் இருக்கோணும். மரியாதையெல்லே! எட்டு சனலிலை மலிவானதா ஒண்டைப் பாரும். ஆர் அதைத் திறந்து பாக்கப்போயினம்?"

"பாக்கிறதுக்கில்லை ஐயா, கேக்கிறதுக்கு."

அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில், "சரி, கொழும்புக்குப் போய்ப் பாத்து வாங்கிக்கொண்டு வாரும்" என்றார்.

வாசலில் பிலிப்பு அண்ணை நின்றார். "நானும் வாறன். என்ரை குரலைக் கடிதத்திலை எழுதிக் குடுக்கேலாதே."

3. கடையில்

கொழும்புக் கடையில் விற்பனையாளர் மலிவான எட்டு சனல் பெட்டியை எடுத்து வைத்தார். மைக்கைப் பிடித்து, "ஹலோ! ஹலோ!" என்று முழங்கினார். மைக் திறந்ததைக் காட்டும் பச்சை லைற் உடனே எரிந்தது.

"பாருங்க சேர், ஃபர்ஸ்ற் கிளாஸ்."

நான் கடையின் விசிறியைப் போடச் சொன்னேன். தெருக்கதவையும் திறக்கச் சொன்னேன். பிலிப்பு அண்ணை மைக் முன்னால் உட்கார்ந்து பேசினார். லைற் எரியவில்லை. மைக் திறப்பதற்கு வேண்டிய சத்த அளவைக் குறைத்தோம். இப்போது அவர் பேசாமலே விசிறிச் சத்தத்துக்கு எல்லா லைற்றும் எரிந்தன. பெட்டி பழுதில்லை. அதில் சத்தத்துக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது.

கண்ணாடி அலுமாரிக்குள் காட்சிக்கு வைத்திருந்த நாலு சனல் பெட்டியைக் காட்டினேன். முகப்பில் அலங்காரம் ஒன்றுமில்லை. ஆனால் அறையின் இரைச்சலைத் தானே அளந்து, அதற்குமேல் வரும் பேச்சுக்குத் திறக்கும் வகை. பிலிப்பு அண்ணை வாயைத் திறந்ததும் அவருடைய லைற் மட்டும் எரிந்தது. முதல் எழுத்துக்கூட விழுங்கப்படவில்லை. பல தடவை பேசவைத்தேன்.

"காணுமடாப்பா, இருக்கிற குரலும் போகப்போகுது" என்று அவர் சிரித்தார்.

காட்சிக்கு வைத்ததென்பதால் விலையிலும் இறங்கி வந்தார்கள்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வயரும் பெட்டியுமாகக் கண்ட சிப்பாய், அதை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பற்றுச்சீட்டைக் காட்டினேன். பஸ் புறப்பட ஹோன் அடித்தது. நான் பெட்டியில் வைத்த கையை எடுக்கவில்லை. பிலிப்பு அண்ணை முன்னால் வந்து சேட்டுக் கழுத்தைத் திறந்து தொண்டைத் தழும்பைக் காட்டினார். பிறகு பெட்டியைத் தொட்டு, தன் வாயைத் தொட்டார். ஏதோ சொல்லவும் முயன்றார். காற்றுத்தான் வந்தது. சிப்பாய் குனிந்து தழும்பைப் பார்த்துவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

4. மறுபடியும் ஐஸ்

அடுத்த மாதக் கூட்டத்தில் நாலு மைக்கை மேசையில் கண்டதும் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் தானே போய்ப் பிலிப்பு அண்ணையின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அந்த மைக் இருவருக்கும் பொது. முணுமுணுப்பு அடங்கியது.

"எங்கடை வள்ளத்திலை ஐஸ் பெட்டி இல்லை," என்றார் பிலிப்பு அண்ணை. "கரைக்கு வந்த உடனை ஐஸ் கிடையாட்டி மீனைத் திருப்பிக் கடலிலைதான் கொட்டோணும். மிஞ்சினால் தாறம் எண்டு சொல்லுறியள். மிஞ்சிற நேரம் எங்களிட்டை மீன் இருக்காது."

ஒவ்வொரு சொல்லும் பின்னால் இருந்த வாங்குகள்வரை போனது. ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டிராத வள்ளக்காரர் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். படகுக்காரர் எதிர்த்துப் பேசினார்கள். அவர் பதில் சொன்னார். வாக்குவாதம் நீண்டது. ஆனால் இந்தமுறை அது வாக்குவாதமாக இருந்தது. முடிவில், வள்ளங்களுக்கென ஒரு பங்கு ஐஸை முதலிலேயே ஒதுக்கிவைப்பதென்று தீர்மானித்தார்கள்.

அதன் பிறகு எத்தனையோ கூட்ட அறைகளுக்கு மைக் பூட்டியிருக்கிறேன். எந்த மிக்சர் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் இன்றைக்கும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்கடை கூட்டத்திலை ஆருடைய குரல் ஆகச் சின்னது? அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கடைக்குப் போவம்."