காதுகுத்தில் வாசித்த மூன்று ஸ்கேல்

ஆறு மாதம் கீபோர்டு படித்தும் எனக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. ஏற்காட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், மேஜர் ஸ்கேல் கையில் படிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்பார். ஸி, ஜி, எஃப் என்று மூன்று ஸ்கேல் மட்டும் தெரியும். எட்டுக் கட்டை ஏற வேண்டும், அதே எட்டுக் கட்டை இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில், எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிய அப்பா, குப்பனூரில் அத்தை மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு என் கீபோர்டையும் ஏற்றிவிட்டார். "எஸ்டேட் லைன் ஊட்டுப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று சிரித்த சொந்தக்காரர்களிடம், "வந்து கேளுங்க, எம்புள்ள பாட்டே வாசிக்கும்" என்று சொல்லிவைத்திருந்தார். நான் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சொதப்பினால் சிரிப்பு அப்பாவுக்குத்தான்.

குழந்தை அழுது ஓய்ந்ததும் கூட்டம் என்னைச் சூழ்ந்தது.

"வாசி கண்ணு," என்றார் அத்தை.

வேறு வழியில்லாமல் ஸி மேஜரை வாசித்தேன். ஏறினேன், இறங்கினேன். யாரும் அசையவில்லை.

"பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றார் ஒரு பெரியவர். நான் மறுபடியும் முதல் கட்டையில் விரலை வைத்தேன்.

அப்போது சீருக்கு முன்னால் மேளம் அடித்துவந்த பம்பைக்காரர் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். அடிக்கு ஒரு கட்டையாக வைத்தேன். அதே ஸ்கேல் துள்ளிக்கொண்டு போனது. ஜி மேஜரில் கறுப்புக் கட்டை தப்பாமல் விழுந்தது. எஃப் மேஜரில் கறுப்புக்குப் பதில் பக்கத்து வெள்ளையை அழுத்தித் தொலைத்தேன். அந்த நொடியில் அவர் ஓங்கி ஓர் அடி போட்டு அதை அமுக்கிவிட்டார். பொடிசுகள் ஆடத் தொடங்கின. முடிந்தபோது நல்ல கைதட்டல்.

"நொம்ப நல்லாருக்குதுங்க. எந்தப் படத்துப் பாட்டு?" என்றார் அதே பெரியவர்.

"புதுப் படமுங்க. இன்னும் வெளிய வல்லீங்க," என்றார் அப்பா.

அப்பாடா என்றிருந்தது. பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். திரும்பும்போது ஜீப்பில், பாட்டுக்கும் ஸ்கேலுக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவை எண்ணி வழியெல்லாம் உள்ளூரச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஒற்றை அறை லைன் வீட்டில் ஆறு மாதமாகத் தினமும் அந்த எட்டுக் கட்டையைக் கேட்டவர் அவர். காதுகுத்தில் நான் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது பம்பைக்காரரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றவில்லை.