இடப்பக்கத்துக் கற்கள்

திரையின் மேல்விளிம்பில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். ஆட்டம் தொடங்கியதுமே அது தேய ஆரம்பித்துவிடும். ஒரே நிறக் கற்களை மும்மூன்றாகச் சேர்த்து அழித்தால் கொஞ்சம் வளரும். தயங்கினால் தீர்ந்துபோகும், ஆட்டமும் முடிந்துவிடும். இரண்டாயிரங்களின் நடுவில், பவானிபூரில் சித்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த விளையாட்டு அது.

கல்லூரிப் படிப்புக்காக வெளிமாநிலம் வந்து நான் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்தப்பா துறைமுகத்தில் அதிகாரி, சித்திக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மாலையில் மெட்ரோவில் வந்திறங்கியதும் புடவையைக்கூட மாற்றாமல் டீயோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவாள். பேச்சிலும் நடையிலும் அவ்வளவு நிதானமான சித்தி, அந்த நாற்காலியில் வேறு ஆள். என் கண் ஒரு கல்லைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் நான்கை நகர்த்தியிருப்பாள். "யோசிக்காதேடி, பாரு. யோசிச்சா டைம் போயிடும்" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் சித்தி தோற்க ஆரம்பித்தாள். "உனக்கு வயசாயிடுச்சு" என்று சித்தப்பா கேலி செய்தார். நானும் சிரித்தேன். ஆனால் பின்னால் நின்று பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுத்தியது. இடது ஓரத்தில் சிவப்புக் கற்கள் சேரத் தயாராக இருக்கும். சித்தியோ வலப்பக்கத்திலேயே தேடிக்கொண்டிருப்பாள்.

"சித்தி, இந்தப் பக்கம் பாரு."

"எங்கடி?" என்று கழுத்தைத் திருப்பிய பிறகுதான் அவளுக்குத் தெரியும். அதற்குள் பட்டை தீர்ந்திருக்கும். கேட்டால், "கண்ணாடி மாத்தணும், அவ்வளவுதான்" என்று எழுந்து போய்விடுவாள்.

அதற்குப் பிறகு நான் அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். இடக்கைப் பக்கம் வைத்த டீயை அப்படியே ஆறவிட்டாள். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல், சொல்லாமலும் இருக்க முடியாமல் தவித்தேன். காபிப் பொடி வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போன அன்று, சாலையைப் பாதி கடந்திருந்தோம். இடப்பக்கமிருந்து ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தபடி வந்தது. சித்தி நேரே பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். புடவையை உரசிக்கொண்டு ஆட்டோ போனது.

"அது எங்கேருந்துடி வந்துது?" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. கடை வாசலுக்கு வந்ததும் மெல்லச் சொன்னாள்: "ஆட்டத்துல தோக்க ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னா நிஜமாயிடுமோன்னு பயமா இருந்துது."

கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்றார் கண் டாக்டர். அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. ஸ்கேனில், மூளையின் பின்பக்கம், பார்வையைக் கவனிக்கும் இடத்தில் ஒரு கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்த பகல் முழுவதும் சித்தப்பா தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். "கேலி பண்ணேனே, கேலி பண்ணேனே" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. கட்டி கெட்டதல்ல என்று தெரிந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். போன பார்வையில் கொஞ்சம் திரும்பாது என்பதையும் டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

மொட்டைத் தலையில் துணி கட்டிக்கொண்டு சித்தி வீடு திரும்பினாள். சில வாரங்களில் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள். நேரக் கணக்கு இல்லாமலும் அதை ஆடலாம். நான் அப்படி வைத்துக் கொடுத்தேன்.

"இது எதுக்கு? பழையபடியே வை."

வைத்துவிட்டு அவள் பின்னால் நின்றேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கழுத்தை இடப்பக்கம் திருப்பித் திருப்பித் தேடினாள். பட்டை சரசரவென்று தேய்ந்தது. முதல் ஆட்டம் உடனே முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பட்டை கடைசி நூலாக நின்றபோது, இடது ஓரத்தில் மூன்று சிவப்புகளைச் சேர்த்துவிட்டாள். பட்டை வளர்ந்தது. மறுபடி தேயத் தொடங்கியது.

"ஏண்டி, தோளை விடு. வலிக்குது" என்றாள் சித்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.